பூட்டுடைத்தவர்

மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடாத ஆள் யாராவது உண்டா? உங்களுக்கும் நாற்பது தாண்டியிருக்கும் போலத் தெரிகிறது, நீங்களும் தேடியிருப்பீர்கள். தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டே வீட்டைப் புரட்டிப் போடுவோம். என் அக்கா மட்டும் அதில் சேர்த்தியில்லை. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள். ஓய்வு பெற்ற பிறகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வைத்திருந்தாள். கண்ணாடி கட்டிலோரத்து ஸ்டூலில், டீத்தூள் டப்பா அடுப்புக்கு வலப்பக்கம், கத்தரிக்கோல் தையல் பெட்டியில். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் பொருள் கைக்கு வந்துவிடும். அவளுக்கு மறதி என்பதே கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உங்களுக்குக் குழப்பம் வராது.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். அவளுடைய கணவர் இறந்ததும் என் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட்டாள். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மருந்துக்கடையே கதி என்று இருந்துவிட்டேன். என் சட்டையில் பொத்தான் அறுந்தால் எப்போதும் அவள்தான் தைத்துக் கொடுப்பாள். எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது, அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

துறைமுகத் தெருக் கோடியில் கூரையில்லாமல் நிற்கிறதே ஒரு கல் கிடங்கு, அங்கேதான் அந்தக் காலத்தில் கப்பல் வரும்வரை அடிமைகளை அடைத்து வைப்பார்கள். ஒருநாள் அது தீப்பிடித்தது. எங்கள் முப்பாட்டனாரும் அடிமைதான், ஆனால் அவரைக் கதவுக்குக் காவல் போட்டிருந்தார்கள். அவர் பூட்டை உடைத்துத் திறந்துவிட்டதால்தான் உள்ளே இருந்தவர்களில் சிலராவது பிழைத்தார்கள் என்பது ஊரறிந்த கதை. ஊரில் அவருக்குப் பெயரே பூட்டுடைத்தவர். சின்ன வயதில் நாங்கள் தெருவில் போனால் 'பூட்டுடைத்தவர் வீட்டுப் பிள்ளைகள்' என்று பெரியவர்கள் கன்னத்தைத் தட்டுவார்கள். அடிமையின் வாரிசுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும் என நினைக்கிறேன்.

நகராட்சி அங்கே ஒரு நினைவுச் சின்னம் வைக்க முடிவெடுத்தது. உடனே ஊர் இரண்டுபட்டது. கையில் உடைந்த பூட்டோடு அவருக்கு வெண்கலச் சிலை வேண்டும் என்றது ஒரு பக்கம். அதற்கு நான்தான் தலைவர். சிலை வேண்டாம், கிடங்கை இருக்கிறபடியே விடுங்கள், வெந்து செத்தவர்களை நினைக்கிற இடத்தில் ஒரு வீரனைக் கொண்டுவந்து நிறுத்தி ஆறுதல் தேடாதீர்கள் என்றார் நூலகர். அவர் பின்னாலும் பாதிப் பேர். முடிதிருத்துகிறவர் என் பக்கம் என்பதால் நூலகர் கட்சிக்காரர்கள் அவர் கடைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பாதி ஊர் பரட்டைத் தலையோடு திரிந்தது. கல்யாண வீட்டில்கூடத் தனித்தனி வரிசையில் உட்கார்ந்தார்கள். கடைசியில் பொதுக்கூட்டம் போட்டு எல்லாரையும் கேட்டு முடிவு செய்வது என்று ஆயிற்று.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா சொன்னாள். "சிலை வேணாம்டா தம்பி. கூட்டத்துல நான் எந்திரிச்சு உள்ளதைச் சொல்லப் போறேன்."

"என்ன உள்ளது?"

"சாவி அவரு இடுப்புலயேதான் இருந்துச்சு. தீயைப் பாத்ததும் பயந்து ஓடிட்டாரு. உள்ள இருந்தவங்கள்ல சில பேரு தாங்களே கூரையப் பிச்சுக்கிட்டு வெளிய வந்தாங்க. எல்லாம் அடங்கினப்புறம் இவரு வந்து பூட்டை உடைச்சிருக்காரு, சாவி இருந்தும் ஏன் திறக்கலன்னு முதலாளி கேக்கக்கூடாதுன்னு. அப்பா சாகறதுக்கு முன்னாடி சொன்னாரே."

"எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

"அவரும் பாவம் அடிமைதானே. பயந்ததுக்கு நான் அவரைக் குத்தம் சொல்லல. ஆனா அந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னு தட்டினவங்களுக்கு நாம ஒரு வார்த்தை உண்மை சொல்ல வேண்டாமா?"

அக்கா ஒன்றைப் பிடித்தால் ஒற்றைக்காலில் நிற்பாள். பாதி ஊர் அவளிடம் படித்தது, அவள் சொன்னால் நம்பும். நான் நிதானமாக யோசித்தேன். அவள் வாயை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. பெரியவளை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமும் இல்லை. அவள் தாராளமாகப் பேசட்டும், கேட்கிறவர்கள் நம்பாமல் இருந்தால் போதும் என்ற முடிவுக்கு வந்தேன்.

முதலில் கண்ணாடியில்தான் ஆரம்பித்தேன். ஸ்டூலில் இருந்ததை எடுத்து ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். நானே தேடி எடுத்தும் கொடுத்தேன். இருவரும் சிரித்தோம். பிறகு டீத்தூள் டப்பா குளியலறைக்குப் போயிற்று. கத்தரிக்கோல் அவள் தலையணைக்கு அடியில் போயிற்று. "நேத்துத்தானே சொன்னேன் அக்கா, மறந்துட்டியா?" என்று, சொல்லாத ஒன்றைப் பற்றி அவ்வப்போது கேட்பேன். அவசரப்படவில்லை. இது பொறுமையாகச் செய்ய வேண்டிய காரியம்.

மாத்திரையைப் பற்றி நீங்களே கேட்பீர்கள். அவளுடைய மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைப்பது எப்போதும் என் வேலை. அதில் ஒன்று கூடுதலாகச் சேர்த்தேன். விஷமெல்லாம் இல்லை, ஒரு சாதாரண மாத்திரைதான். வயதானவர்களுக்கு அது தலையை மந்தமாக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். கடைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போனேன், சாவி என் சட்டைப்பையில் இருக்கும். அடுப்பை எரியவிட்டு மறந்துவிடுகிறாள், பயமாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னேன். அவர் கண்கலங்கி, "உங்கள மாதிரி ஒரு தம்பி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார்.

கூட்டத்தில் அக்கா எழுந்து மேடையேறினாள். நன்றாகத்தான் ஆரம்பித்தாள். "சாவி" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். நூலகரை இறந்துபோன தன் கணவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் மேடைக்குப் போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். நூலகர் கட்சிக்காரர்கள்கூட எழுந்து எனக்கு வழிவிட்டார்கள். வாசலில் வந்து, "நான் சொன்னது சரிதானேடா?" என்று குழந்தை மாதிரிக் கேட்டாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

கூட்டம் சிலைக்கே கை தூக்கியது, சிலையும் திறந்தாயிற்று, அதற்குப் பிறகாவது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. நிறுத்தினேன். கொஞ்ச நாளில் அவளுக்குத் தெளியத் தொடங்கியது. ஒரு காலையில் நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். தன் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றாள். "இதை ஃப்ரிட்ஜுல நான் வைக்கலடா தம்பி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அன்றைய டப்பாவில் மாத்திரையை மறுபடி சேர்த்தேன். முன்பு ஒன்று, இப்போது இரண்டு. பிறகு நிறுத்துகிற பேச்சே எழவில்லை.

அவள் மகள் வெளிநாட்டிலிருந்து வந்து, கையோடு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அந்த மருந்து தெரிந்து, போலீஸில் சொன்னதால்தான் உங்களுக்கு இந்த வேலை வந்தது. அவளை நான் குறை சொல்லமாட்டேன், தாயைப் பார்த்துப் பதறிவிட்டாள். இனி பழையபடி ஆவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதையும் நான் மறுக்கவில்லை.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். அப்பா அந்த விஷயத்தைச் சொன்னபோது நானும் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தேன். சொல்லும்போது அவர் பிடித்திருந்தது என் கையைத்தான். அக்கா சொன்னதில் ஒரு வார்த்தை மிகையில்லை.

ஆனால் மகள் வரும்வரை நான் அக்காவை அப்படியே கைவிட்டுவிடவில்லை. தினமும் கடையை அடைத்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து முப்பாட்டனார் கதையைச் சொல்வேன். தீ, புகை, அவர் பூட்டைப் பிடித்து இழுத்தது, கதவு திறந்தது. முதலில் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். நான் முகம் சுளித்ததில்லை, திரும்ப முதலிலிருந்து சொல்வேன். பிறகு மறுப்பதை நிறுத்தினாள். பிறகு இடையிடையே அவளே எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தாள்.

நேற்று மருத்துவமனையில் நீங்கள் கேட்டதற்கு அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும், அவள் மகள்தான் என்னைத் திட்டிக்கொண்டே சொன்னாள். "வெறுங்கையால உடைச்சாரு. எல்லாரையும் வெளிய விட்டாரு. ஒருத்தரும் சாகல. என் தம்பி கூடவே நின்னு பாத்தான்" என்றாளாம். அப்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், எவ்வளவு பெருமை. பாவம், இத்தனை வருஷம் மனசுக்குள் எதையோ போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்காவுக்கு எல்லாம் சரியாக ஞாபகம் வந்துவிட்டது.