மாடுகளுக்கு வேண்டிய தொப்பி

கண்டியில் ஏறிய பெண், அகல விளிம்புத் தொப்பி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கலஹா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவன் ஊர்க்காரன் போலும்.

“என்னக்கா, ஆஸ்பத்திரியில கெடக்குற மாமாவோட தொப்பியப் பிடுங்கிட்டு வர்றீங்க?”

“மாட்டுக்கு வேணும் தம்பி.”

“மாட்டுக்கா?”

“குதிரையிலேருந்து விழுந்து கால ஒடச்சுக்கிட்டவரு தொப்பியோடயே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு. மூணு நாளா நான் கூப்புட்டு ஒரு மாடும் மலையிலேருந்து எறங்கல. அதுகளுக்குத் தெரிஞ்சது இந்தத் தொப்பி மட்டுந்தான். நேத்து சிறுத்தப்புலி ஒரு கன்னுக்குட்டியக் கொண்டுபோயிருச்சு.”

“அமெரிக்காவுல மாடு மேய்ச்சுட்டு வந்த பழைய தோட்டத்துத் துரைதான் மாமாவக் கெடுத்தது. வீசிப் பிடிக்கிற கயிறென்ன, பூட்ஸென்ன! ஊரே சிரிச்சுச்சு.”

“நானுந்தான் சிரிச்சேன். எங்க கல்யாணத்துக்கே இதப் போட்டுக்கிட்டுத்தான் வந்தாரு. ஒரு நாளும் என்னயத் தொட விட்டதில்ல.”

“இப்ப எப்பிடிக் குடுத்தாரு?”

“கன்னு போனதச் சொன்னேன். அவரே எடுத்து என் தலையில வச்சாரு. ‘முன்பக்கம் கொஞ்சம் எறக்கிப் போட்டுக்க, அப்பத்தான் அதுங்க நான்னு நம்பும்’னாரு.”

தோட்டத்து முடக்கு வளைவில் பஸ் நின்றது. அவள் முக்காட்டை இறுக்கிக்கொண்டு, அதன் மேல் தொப்பியை வைத்தாள். முன்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை.