மொட்டை டயர்

கஜபதி: கிரிப்பு இல்லன்னு மட்டும் சொல்லாத மச்சான். எனக்கு கெட்ட கோவம் வரும்.

உத்தமன்: இல்லாதத இல்லன்னுதான் மாமா சொல்லுவாங்க.

கஜபதி: உடும்பு மாரி புடிக்குதுய்யா! ஆறு ரவுண்டு ஓட்னவன் சொல்றேன். நீ ஒரே ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துட்டு...

உத்தமன்: ஒரு ரவுண்டே போதும். வழுக்கிகினு போவுது. சோப்புத் தண்ணி ஊத்துன தரையில நடந்தா மாரி.

கஜபதி: நேத்து ஓட்னது ஒரே வண்டி, ஒரே டயரு. நான் காலைல, நீ சாயங்காலம். எனக்கு புடிச்சது ஒனக்கு மட்டும் எப்டி வழுக்கும்?

உத்தமன்: அதான் எனக்கும் புரியல. லாரியில மொட்ட டயரு போட்டுகினு போனா போலீஸ்காரன் நிறுத்தி கேஸு போடறான். இங்க புச்சாவே மொட்டையா செஞ்சி வித்துகினு கீறான்.

கஜபதி: ரேஸு காருக்கு அப்டிதான்யா. கோடு, கட்டம் ஒண்ணும் இருக்காது. அப்பதான் முழு ரப்பரும் தரையில ஒட்டும். சார் எத்தினி வாட்டி சொன்னாரு?

உத்தமன்: சார் சொல்வாரு. வளைவுல உள்ள ஒக்கார்றது நாம.

கஜபதி: அஞ்சு மணிக்கு வண்டி ஓனரு ராமகிருஷ்ணன் சாரு இந்த ஷெட்டாண்ட வந்து நிப்பாரு. ரெண்டு பேரும் ஒரே மாரி டயரு நல்லா கீதுன்னு சொன்னாதான் ஞாயித்துக்கெழம ரேஸ்ல வண்டி எறங்கும். இல்லாங்காட்டி பெங்களூர்காரனுக்கு வித்துடுவேன்னாரு. ஞாபகம் கீதா?

உத்தமன்: கீது.

கஜபதி: நாலு வருசமா அந்த வண்டிக்கு அடியில படுத்துகினு கெடந்தது நீ. அம்பத்தூர்ல கம்பெனி பஸ் ஓட்டிட்டு, சோறு கூட துன்னாம நேரா இங்க வந்து...

உத்தமன்: இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்...

கஜபதி: சொல்லுவேன். இருங்காட்டுக்கோட்டைல ரேஸு டிராக்கு போட்டப்போ என் லாரியில கிளீனரா மண்ணடிக்க வந்துகினு, "ஒரு நாளு நான் இதுல ஓட்டுவேன் மாமா"ன்னது ஆரு? எங்க பாட்டனா?

உத்தமன்: அப்ப ஒண்ணு பண்ணு. நீயே ஓட்டு. ஒனக்குதான் உடும்பு மாரி புடிக்குதே! டயரு நல்லா கீதுன்னு நான் சொல்லிடறேன். ஸ்டேரிங்க நீ புடி.

கஜபதி: ...நானா?

உத்தமன்: இன்னா, டீய மேல ஊத்திகின?

கஜபதி: டீ சூடு.

உத்தமன்: அது ஆறி அர மணி நேரமாவுது மாமா.

ராணி: இன்னாயா இது, மெயின் ரோடு வரிக்கும் சத்தம் கேக்குது! என் புருசனும் என் தம்பியும் அட்ச்சிகினு சாவறீங்களா?

உத்தமன்: வாக்கா. ஒண்ணுமில்ல... டயரு.

ராணி: நேத்து ஆயுத பூச போட்ட டயரா? இந்தா பொரி, சுண்டலு. மாங்காட்டம்மன் குங்குமமும் கீது, வண்டி நெத்தியில வெச்சிடு.

கஜபதி: வண்டிக்கு ஏதுடி நெத்தி?

ராணி: ஒனக்கே கீது, அதுக்கு இருக்காதா? ஏண்டா உத்தமா, முட்டி இன்னா இப்டி வீங்கிகினு கீது?

உத்தமன்: அது... ஷெட்டு கதவுல இட்ச்சிகினேன்.

ராணி: பாத்து நடக்க மாட்ட. சரி, டயரு நல்லா பளபளன்னு இருந்திச்சா? ஊட்டுல இருந்த தேங்கா எண்ணைய பாட்டிலோட தூக்கிகினு வந்துட்டாரு ஒங்க மாமா. இன்னிக்கி தலைக்கு வைக்க ஒரு சொட்டு இல்ல.

உத்தமன்: ...எந்த எண்ண?

கஜபதி: ஏ, அத ஏன்டி இப்ப...

உத்தமன்: மாமா, எந்த எண்ண?

கஜபதி: ஆயுத பூசன்னா டயர எண்ண போட்டு தொடச்சி மினுக்க வுடறதுதானே? இருவது வருசமா என் லாரிக்கு செய்யறேன். கருகருன்னு, மொகம் பாக்கற மாரி...

உத்தமன்: லாரிக்கு பக்கவாட்டுலதானே தேய்ப்ப?

கஜபதி: ஆமா. இதுல கோடே இல்லையா... எது பக்கம், எது மேலுன்னு தெரியல. மொட்டையா, அழகா வேற கீதா... பாதியில வுட மனசு வரல.

உத்தமன்: தரையில படற எடத்துலயும் தேய்ச்சியா?

கஜபதி: ரெண்டு வாட்டி.

ராணி: அடப்பாவி மனுசா!

உத்தமன்: காலைல நீ ஓட்ன. மத்தியானம் எண்ண தேய்ச்ச. சாயங்காலம் அது மேல என்ன ஏத்தி அனுப்புன!

கஜபதி: மாங்காட்டம்மா சத்தியமா தோணவே இல்ல மச்சான். கை பழக்கம். பூசன்னா கை தானா எண்ண பாட்டிலுக்கு போவுது... ஐயோ, ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா... செருப்பால அடி என்ன.

ராணி: அத அப்பறம் நான் பாத்துக்கறேன். டேய், நேத்து இன்னா ஆச்சு? கதவுல இட்ச்ச கத வேணாம்.

உத்தமன்: மூணாவது வளைவுல வண்டி ரெண்டு சுத்து சுத்திட்டுதுக்கா. புல்லு மேல போயி... நேத்துலேந்து மனசே சரியில்ல. என் கையிலதான் ஒண்ணுமில்ல, நாலு வருசமா சும்மா ஆசப்பட்டுட்டேன்னு நெனச்சேன். சொல்ல வெக்கமா இருந்திச்சி. பழிய டயரு மேல போட்டுட்டேன்.

ராணி: பைத்தியக்காரா! என்னாண்ட சொல்ல இன்னாடா வெக்கம்?

உத்தமன்: ஆனா என் கை இல்லக்கா! எண்ண! ஒன் தேங்கா எண்ண!

ராணி: இப்ப அழுவறியா, சிரிக்கிறியா?

உத்தமன்: தெரியலக்கா. ரெண்டுந்தான்.

கஜபதி: மணி மூண்ற. சோப்புத் தூளு எட்து வா ராணி. நல்லா கழுவி, உப்பு பேப்பரு போட்டு மேல் ரப்பர சொரண்டிடலாம். சாரு வரதுக்குள்ள நாலு சக்கரமும் முடிஞ்சிடும்.

ராணி: தேய்ச்சது நீ, சொரண்டறதும் நீ. நான் தண்ணி மட்டும் மொண்டு தரேன்.

உத்தமன்: அது சரி மாமா. எண்ண இல்லாதப்ப நல்லா புடிச்சிதுன்னியே, மூணாவது வளைவுல நீ எத்தினி ஸ்பீடுல போன? சொல்லு, நானும் அதுலேந்து ஆரம்பிக்கறேன்.

கஜபதி: கிரிப்பு எப்டி கீதுன்னு எனக்கு இன்னாயா தெரியும்? போன வருசம் லாரி கவுந்ததுலேந்து வளைவ பாத்தாலே காலு தானா பிரேக்குக்கு போவுது. ஆறு ரவுண்டும் மாட்டு வண்டி மாரி ரெண்டாவது கியர்லயே போய்ட்டு வந்தேன். ஆனா நேத்து வேலியாண்ட நின்னு நான் எல்லாம் பாத்தேன் மச்சான்... ரெண்டு சுத்து சுத்தியும் எஞ்சின் நிக்கல, எதுலயும் இட்க்கல, புல்லுலேந்து திருப்பி ரோட்டு மேல கொண்டாந்துட்ட; அப்பவே ஓடிப்போயி, ரேஸு ஃபாரத்துல டிரைவர் பேருன்னு கீற எடத்துல ஒன் பேர எழுதி சாரு கையில குட்த்துட்டேன்.