அத்தைக்கு எந்தக் கட்டம்?

— கட்டத்தை ஒழுங்கா போடுடா தம்பி. ஊருக்கெல்லாம் வீட்டு பிளான் போடறவன்னு பேரு, நம்ம குடும்பத்தைக் கோணலா வரைஞ்சு வெச்சிருக்க.

— கண்ணு தெரியலைன்னு டாக்டர்கிட்ட போனவளுக்கு இந்தக் கோணல் மட்டும் எப்படிக்கா தெரியுது?

— ஓரம்தான்டா மங்குது. நீ நேரா நல்லாவே தெரியற. மூணு தலைமுறையில யாருக்கெல்லாம் கண்ணு போச்சுன்னு எழுதிட்டு வரச் சொன்னாரு. அப்பா பக்கம் இல்ல, அம்மா பக்கமும் இல்ல. முடிஞ்சுது, மடி பேப்பரை.

— வெள்ளிக்கிழமை அத்தையை விட்டுட்டியே. கடைசியில சுவரைத் தடவித்தானே நடந்தாங்க.

— உன் அத்தையா?

— நம்ம அத்தைக்கா.

— உன் அத்தை. செத்தப்ப விழுந்து விழுந்து அழுததும் நீதான். வாராவாரம் வருவாங்க, உன்னைத் தூக்கி மடியில வெச்சா இறக்கவே மாட்டாங்க. நான் ஒருத்தி எதிர்லயே உக்காந்திருப்பேன், என்னை எப்ப கூப்பிடுவாங்கன்னு. ஒரு நாள் நானே போய் ஒட்டிக்கிட்டு நின்னேன். சூடு பட்ட மாதிரி கையை இழுத்துக்கிட்டாங்க. அன்னைக்கு எரிஞ்ச வயிறு இன்னும் எரியுது, போ.

— நாப்பத்தாறு வயசுலயா? சரி சரி, முறைக்காத. அவங்களை எங்க போடறது? அப்பாவுக்குத் தங்கச்சியா?

— அப்பா ஒத்தைப் பிள்ளை.

— அப்ப மாமா பொண்டாட்டி.

— அம்மா வீட்டுல நாலும் பொண்ணு. மாமாவுக்கு எங்கடா போறது, சொல்லு பார்ப்போம்.

— அம்மா அவங்களை அக்கான்னுதானே கூப்பிடும்? அப்ப நமக்குப் பெரியம்மா ஆகணும். அத்தை எப்படி ஆனாங்க? கணக்கு இடிக்குதே.

— அப்பா எப்படிக் கூப்பிடுவாரு, சொல்லு பார்ப்போம்.

— எப்படியும் கூப்பிட மாட்டாரு. அவங்க தலை தெரிஞ்சா செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிடுவாரு.

— கட்டினவ அக்காங்கறா. கட்டினவன் வாயே திறக்கல... டேய், இவங்க அப்பாவோட மூத்த சம்சாரம்டா.

— மெதுவாக்கா. அம்மா உள்ள படுத்திருக்கு.

— எங்க படுக்க விட்டீங்க? எழுந்து வந்தாச்சு.

— அம்மா, அது வந்து... அக்கா சும்மா ஏதோ...

— என்னத்த சும்மா. அவ சொன்னது சரிதான். முதல்ல அவ, அப்புறம்தான் நான். மாமியார் கொடுமையில பிரிஞ்சு போனவ. இவன் தொட்டில்ல கிடக்கறப்ப வந்து வாசல்ல நின்னா. வாரம் ஒரு நாள் வா, அத்தைன்னு சொல்லிக்கோன்னேன்.

— சரிம்மா, வந்தாங்க. உன் வயித்துல பிறந்ததுங்கன்னு வெறுத்திருந்தா ரெண்டு பேரையும் வெறுத்திருக்கணும். இவனைக் கொஞ்சு கொஞ்சுன்னு கொஞ்சிட்டு என்னை மட்டும் ஏன் அப்படி ஒதுக்கினாங்க? நான் என்னம்மா பண்ணேன்?

— நீ ஒண்ணும் பண்ணலம்மா. டேய், அந்தக் கட்டத்தை அக்காவுக்கு மேல போடு.

— அக்காவுக்கு மேல நீ இல்ல இருக்க? கணக்கு இடிக்குதும்மா.

— என்னை அழிச்சுட்டுப் போடு. டாக்டர் கேக்கறாரு, இனி மறைச்சு என்ன ஆகப்போகுது.

— அம்மா, நீ என்ன சொல்ற?

— பத்து மாசக் குழந்தையா என் கைக்கு வந்தவ நீ. என்னைத்தான் அம்மான்னு கூப்பிட்ட. அவ ஒரு தடவை தூக்கினாலும் நீ என்னை விட்டுப் போயிடுவியோன்னு எனக்கு வயித்தெரிச்சல். தூக்கணும்னா என் மகனைத் தூக்கிக்கோ, உன் மகளைத் தொட்டா அப்புறம் இங்க வராதேன்னு சொன்னது நான்தான்டி.