நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை

எனக்கு வாழைப்பழம் அவ்வளவாகப் பிடிக்காது. இருபது வருஷம் வாழை வைத்தவன் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்களாவது எழுதிக்கொள்ளுங்கள், சார்.

தோட்டம் எனக்கும் தங்கைக்கும் பொது. மூன்று வருஷத்துக்கு முன் வேரில் நூற்புழு விழுந்தது. கண்ணுக்கே தெரியாத சனியன். வேரைக் கீறினால் உள்ளே கறுத்து அழுகியிருக்கும். தார் முற்றும் நேரத்தில், சும்மா ஒரு காற்றுக்கு மரம் வேரோடு சாயும். குருணை மருந்து போடலாம் என்றேன். கடும் விஷம்தான், ஆனால் புழு சாகும். தங்கை கணவர் விடவில்லை. புழுவைத் தின்னும் பூஞ்சை இருக்கிறதாம், அந்தத் தூளை எருவில் கலந்து வேரடியில் வைத்தால் போதுமாம்.

“மண்ணக் கொல்லக் கூடாது மச்சான். கொஞ்சம் பொறுங்க.”

பொறுத்தேன். முதல் வருஷம் பாதித் தோட்டம் சாய்ந்தது. மறு வருஷமும் சாய்ந்தது. கேட்டால் அதே ‘பொறுங்க’. அவருக்குப் பள்ளிக்கூட வேலை இருந்தது. எனக்குத் தோட்டத்தை விட்டால் வேறு கதி இல்லை. எரிச்சல் தலைக்கேறியது.

யார் வந்தாலும் அந்தத் தூளில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் காட்டுவார். “பாருங்க, பச்சப்புள்ளகூட சாப்பிடலாம்” என்பார். அவருடைய இரண்டு பெண்களும் பக்கத்தில் நின்று அப்பா மாதிரியே நக்கிக் காட்டுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவரை மீறி மருந்து வேருக்குப் போக ஒரே வழிதான் இருந்தது, அவர் கையாலேயே போட வைப்பது. தூள் வாளியில் குருணை மருந்தைப் பொடித்துக் கலந்து வைத்தேன். அன்று பக்கத்து ஊர்க்காரர்கள் பத்துப் பேர் தோட்டம் பார்க்க வந்திருந்தார்கள். வழக்கம்போல் ஒரு சிட்டிகை எடுத்தார்.

“என்ன மச்சான், இன்னைக்கு கசக்குது?”

“பழைய தூளா இருக்கும் மாப்பிள்ளை” என்றேன். அத்தனை பேர் முன்னால் வேறென்ன சொல்வது? சந்தேகத்துக்கு இன்னொரு சிட்டிகை வைத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

வாளியை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். வேருக்கு ஒரு பிடிகூடப் போகவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

கலந்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் மரத்துக்காகத்தான் கலந்தேன். அவர் நக்கிப் பார்க்கும் பழக்கம் அப்போது சுத்தமாக மறந்துபோயிருந்தது. தங்கைதான் நம்பமாட்டேன் என்கிறாள். அன்று காலையில் அவளுக்குப் போன் போட்டு, இன்றைக்குப் பெண்களைத் தோட்டத்துக்கு அனுப்பாதே என்று சொன்னேனாம். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். வெயில் அதிகம் என்றுதான் சொன்னேன்.

அன்று வெயிலே இல்லையாம்.