மீனுக்கு நின்ற வரிசை

எண்ணெய் காய்ந்துவிட்டது. என் கணவர் நேசன் மீன் துண்டை மாவில் தோய்த்துச் சட்டியில் விடுகிறார். சொர்ர். தலைக்கு மேலே வேறொரு சத்தம். மெல்லிய சீழ்க்கை. அது நின்றால் ஷெல் நம்மேல்தான். அங்கே எல்லோருக்கும் தெரியும். நிற்கிறது.

"படுங்கோ! படுங்கோ!"

கத்தியது நேசனின் தங்கை மலர். நான் படுத்தேன். பிள்ளைகள் படுக்கவில்லை. மீனுக்கு வரிசையில் நின்றார்கள். விட்டால் இடம் போய்விடும் என்று நின்றார்கள்.

முல்லைத்தீவுக் கடற்கரை. போரின் கடைசி மாதங்கள். நண்பகல்.

என் பெயர் செல்வி. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு ஓடிவந்தவர்களின் மகள். நேசன் வன்னிக்காரர். இங்கிலாந்தில் ஒரு கடலோர ஊரில், ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையில் வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமை மாலையானால் தெருவே அந்தக் கடை வாசலில் நிற்குமாம். மாவில் பொரித்த மீன். தடிமனாக அரிந்த உருளைக்கிழங்கு. மேலே உப்பு, வினாகிரி. தாளில் சுற்றிக் கொடுத்தால் மழையிலும் நடந்துகொண்டே தின்பார்களாம். அவருடைய அகதி மனுவைத் தள்ளினார்கள். விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அப்போது சமாதான காலம். கிளிநொச்சியில் அதே கடையைப் போட்டார். பாரை மீனில் செய்தார். சனம் முதலில் சிரித்தது. பிறகு வாசலில் நின்றது.

மறுபடி போர் வந்தது. ஊர் ஊராக ஓடினோம். சட்டியும் வந்தது. அன்று யாரோ வலையில் பட்ட மீனைக் கொடுத்தார்கள். நிவாரண மா கொஞ்சம் இருந்தது. போத்தலின் அடியில் எண்ணெய். வாசனைக்குப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"சுத்தித் தாங்கோ மாமா. பங்கருக்குள்ள கொண்டுபோய்ச் சாப்பிடுறம்."

பழைய பேப்பரில் சுற்றிச் சுற்றிக் கொடுத்தார். முதல் பொட்டலம் எங்கள் மகள் யாழினிக்கு. அவள் பதுங்குகுழிக்குப் போகவில்லை. அப்பாவின் பக்கத்தில் நின்று ஊதி ஊதித் தின்றாள்.

ஷெல் விழுந்து வெடித்த பிறகு எழுந்தேன். காது பாதிதான் கேட்டது. எண்ணெய் கொட்டிய மணல் பொரிந்துகொண்டிருந்தது. நேசன் முகம் குப்புறக் கிடந்தார். யாழினியைச் சேலையால் மூடினேன். மூட அதிகம் இருக்கவில்லை. மலரின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அடுத்த சீழ்க்கை. யாரையும் புதைக்கவில்லை. மலரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

என் பெரியப்பா குடும்பத்தை வெகுகாலத்துக்கு முன்பே அரசு ஒப்பந்தப்படி தோட்டத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பி, அந்தமானில் ரப்பர் வேலைக்குக் குடியேற்றியிருந்தார்கள். பெரியப்பா மகன் போர்ட் பிளேரில் இருக்கிறார். போர் முடிந்து முகாம்களில் கிடந்த எங்களைச் சென்னைக்கு வரவழைத்து, அங்கிருந்து கப்பலில் கூட்டிவந்தார். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்ச் பகுதியில் ஒரு சின்னக் கடை பிடித்தேன். மலர் உட்கார்ந்து கிழங்கு அரிவாள். நான் பொரிப்பேன். வங்காளிகள், தெலுங்கர்கள், டூரிஸ்டுகள் எல்லோரும் பார்சல் வாங்கினார்கள்.

போன தீபாவளி. மாலை. வாசல் நிறைய ஆட்கள். எதிரே யாரோ ராக்கெட் விட்டார்கள். சீழ்க்கை. நின்றது.

"படுங்கோ! பிள்ளையளைப் படுக்க வையுங்கோ!"

மலர் ஊன்றுகோலை எறிந்துவிட்டுப் பாய்ந்தாள். வரிசையில் நின்ற ஒரு சிறுமியைத் தள்ளி, அவள்மேல் விழுந்து மூடிக்கொண்டாள். சிறுமியின் முன்பல் உடைந்தது. அவளுடைய அப்பா மலரை முடியைப் பிடித்துத் தூக்கினார்.

"பாகல் ஹை க்யா?" பைத்தியமா என்று இந்தியில் கேட்டார்.

அறைந்தார். மறுபடி அறைந்தார். நான் குறுக்கே போனேன். எனக்கும் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் போனில் படம் பிடித்தார்கள். ஒருவன் சிரித்தான். மலர் கையைக்கூட உயர்த்தவில்லை. சிறுமி மூச்சு விடுகிறாளா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடையின் சொந்தக்காரர் வந்தார். மதுரைப் பக்கத்து கான்ட்ராக்டர்.

"இந்தாம்மா, அந்தப் பொண்ண வச்சுக்கிட்டு இங்க துக்கான் நடத்த முடியாது. மெயின்லேண்டுல எங்கயாச்சும் சேத்து விட்ரு. இல்லன்னா சாவியக் குடு."

"சாவிய எடுத்துக்குங்க" என்றேன்.

இப்போது வீட்டு வாசலில் பொரிக்கிறேன். வருகிறவர்கள் குறைவு. மலர் கிழங்கு அரிகிறாள். அன்றிலிருந்து அவள் பேசுவதில்லை.

அந்தக் கடற்கரையில் போனவர்களைச் சொல்கிறேன். நேசன். யாழினி, ஐந்து வயது. அடுத்த கூடாரத்து அண்ணன் தம்பி, கண்ணனும் தீபனும். அத்தையோடு வந்திருந்த சுதா. வரிசையின் கடைசியில் நின்ற மூன்று பிள்ளைகள். அவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவும் யாரும் மிஞ்சவில்லை. எட்டுப் பேர். மலரின் ஒரு கால்.

கடைசி மூன்று பேருக்கும் மீன் கிடைக்கவில்லை.