ஆயிரம் பீங்கான் வில்லை

— தா பாரு பாப்பா, "பந்தி எப்பப்பா போடுவீங்க?"ன்னு இதுவரைக்கும் எட்டு பேரு கேட்டுட்டாங்க. சாப்பாட்டு ஹாலை அடைச்சுக்கிட்டு நிக்குதே அந்தச் சீட்டாட்ட டேபிளு, அத எடுத்துட்டு எலை போடச் சொல்றேன். என்னா சொல்ற?

— வேணாண்ணா. டேபிளு இருக்கட்டும்.

— எதுக்கு இருக்கணும்? எலைய என் தலையிலயா போடறது? காலையில நிச்சயதார்த்தம் எவ்ளோ அம்சமா முடிஞ்சுது! மோதிரம் மாத்துனீங்க, எல்லாரும் சாப்புட்டாங்க, போட்டோ புடிச்சாங்க. அத்தோட வுட்டிருக்கலாம். சாயங்காலம் பார்ட்டி, அதுவும் காசினோ பார்ட்டின்னு ஒத்தக் கால்ல நின்னது நீ. விருத்தாசலத்துல எவன் காசினோவக் கண்டான்?

— சரி, விடு. வந்தவங்க என்னா பண்றாங்க?

— ரூமுக்குள்ள ஒக்காந்துக்கிட்டு நல்லாக் கேக்கற! எனக்குக் கோட்டு மாட்டி, கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி ரிப்பனக் கட்டி வுட்டியே, சர்வருன்னு நெனச்சு மூணு பேரு தண்ணி கேட்டாங்க. பொண்ணோட அண்ணங்க நான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. கொண்டு போயி குடுத்துட்டு வந்தேன்.

— நம்பர் சக்கரம் என்னா ஆச்சு?

— அத நல்லூரு மாமா சுத்திச் சுத்தி வந்து பார்த்துட்டு, "ஏன்டா திலீபா, மாசி மகத் திருவிழாவுல லங்கர் கட்டை உருட்டிச் சூதாட்டம் வைப்பானுங்களே, அது மாதிரிதானே? போலீசு வந்தா நான் பின்பக்கமா போயிடுவேன்"ங்கறாரு. துபாய்லேர்ந்து லீவுல வந்திருக்கானே சஹீரு, அவனச் சக்கரத்துக்கிட்ட நிக்கச் சொன்னேன். "மச்சான், வெளையாட்டுக்குன்னாலும் எனக்கு ஆவாது, ஹராமு. பிரியாணி அண்டாவ நான் பார்த்துக்கறேன்"னு போயிட்டான். இன்னிக்கு உருப்படியா வேல பார்க்கறவன் அவன் ஒருத்தன்தான்.

— வில்லைங்கள எல்லாருக்கும் குடுத்தாச்சா?

— அத ஏன் கேக்கற! கொளஞ்சி அண்ணன் நமக்காக பொம்மை ஆர்டரத் தள்ளி வச்சுட்டு, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டு சூளையில ஆயிரம் பீங்கான் வில்லை சுட்டுக் குடுத்தாரு. செவப்பு, நீலம், ஓரத்துல தங்கக் கோடு. ஆளுக்குப் பத்து குடு, காசுக்குப் பதிலா அத வச்சுத்தான் ஆடணும்னு சொர்ணாம்பா அத்தைகிட்ட சொல்லி வாசல்ல நிக்க வச்சேன். அத்தை என்னா பண்ணுச்சு தெரியுமா? சந்தனம், குங்குமம், கல்கண்டோட வில்லையையும் ஒரே தட்டுல அடுக்கி, வெத்தல பாக்கு வச்சு ஒவ்வொரு பொம்பளைக்கும் முந்தானையில போட்டு அனுப்புது!

— அய்யோ!

— சிரிக்காத. எனக்குப் பத்திக்கிட்டு வருது. அத்தனை பேரும் அத தாம்பூலம்னு நெனச்சு, தேங்காயோட பையில போட்டு முடிச்சுப் போட்டுட்டாங்க. பெண்ணாடத்துச் சித்தி, "இது மேல அகல் வெளக்கு வச்சா நல்லாருக்கும்டா, மருமவளுக்கும் ஒரு செட்டு குடு"ன்னு கேட்டு வாங்கிக்கிட்டு, சாப்புடக்கூட செய்யாம ஏழரை பஸ்ஸுக்குக் கெளம்பிடுச்சு. "சித்தி, அது வெளையாடறதுக்கு, இங்கியே வச்சுட்டுப் போவணும்"னேன். "குடுத்த தாம்பூலத்த எவன்டா திருப்பிக் கேப்பான்?"னு என்னையே திட்டுது. அதுக்கு மேல எப்பிடிக் கேக்கறது?

— அப்ப சீட்டு டேபிள்ல யாருமே இல்லியா?

— மாப்ள இருக்காரு. அவரு ஒருத்தருதான் என் மானத்தக் காப்பாத்தறாரு. அஞ்சரைக்கு ஒக்காந்தவரு, இன்னும் எழுந்திரிக்கல. கூட அவரு சேக்காளிங்க ரெண்டு பேரு. போலீசுன்னு பயந்த நல்லூரு மாமாவையும் கையப் புடிச்சு இழுத்து ஒக்கார வச்சுட்டாரு. சித்தப்பா மவன் அறிவழகன் சீட்டு போட்டுக் குடுக்கறான்.

— அஞ்சரையிலேர்ந்தா? மணி எட்டாவப் போவுதுண்ணா. ஏதாச்சும் சாப்புட்டாரா?

— எங்க? அவங்க அம்மா ரெண்டு தடவ வந்து, "நிலவா, எழுந்திரிப்பா"ன்னாங்க. "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்மா"ங்கறாரு. உங்கள ஜோடியா எடுக்கணும்னு போட்டோகிராபரு லைட்டப் போட்டுட்டு நிக்கறான், அவனுக்கும் அதே பதிலு. ஜாலியான ஆளு பாப்பா! பத்து நாளைக்கு முன்னாடி எவளோ பேரு சொல்லாம போன் பண்ணி மாப்ளையப் பத்தி என்னமோ சொன்னான்னு மூஞ்சத் தூக்கி வச்சிருந்தியே, இப்ப பாரு, எவ்ளோ கலகலப்பா இருக்காருன்னு.

— ம்.

— என்னா ம்? கடலூர்ல பெரிய குடும்பம் அவங்க. தையில கல்யாணம்னு அப்பா ஊரு பூரா சொல்லிட்டாரு. சம்பந்திங்க பட்டினியா எழுந்து போனா நாளைக்கு அப்பா வெளிய தல காட்ட முடியுமா? நான் போயி மாப்ளைய மெதுவா எழுப்பி வுட்டுட்டு டேபிளை எடுக்கறேன்.

— எழுப்பாதண்ணா. என் மேல சத்தியமா எழுப்பாத. அவரா எழுந்து வரட்டும்.

— உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? ஊரே பசியில நிக்குது!

— சரி, விடு. வில்லை தீர்ந்தா எழுந்துதானே ஆவணும்? போயி பார்த்துட்டு மட்டும் வா.

— எல்லாம் என் தலையெழுத்து. இரு, போயிட்டு வரேன்.

— ...

— பாப்பா.

— என்னாண்ணா, இவ்ளோ நேரம்? எழுந்துட்டாரா?

— இல்ல. அவருகிட்ட வில்லை தீர்ந்து போச்சு. இருக்கறதெல்லாம் நல்லூரு மாமா முன்னாடி குவிஞ்சு கெடக்குது. இன்னும் கொண்டான்னு அறிவழகனைப் போட்டு வெரட்டறாரு. அவன் எங்க போவான்? மிச்சமெல்லாம் தாம்பூலப் பையில பெண்ணாடத்துக்கும் கம்மாபுரத்துக்கும் பஸ்ஸு ஏறிடுச்சு.

— வில்லை இல்லாம எத வச்சு ஆடறாரு?

— அது... வாட்சக் கழட்டி வச்சாராம். தமாஷுக்கு.

— வாட்சு போயிடுச்சா?

— போயிடுச்சு. தா பாரு, மாமா அப்பவே திருப்பி நீட்டுனாராம். இவருதான் வாங்கல. "ஜெயிச்சு எடுத்துக்கறேன்"னாராம். அவங்க அம்மா மறுபடியும் வந்து கையப் புடிச்சு இழுத்தாங்க. ஒதறி வுட்டாரு. பெத்த தாய அத்தனை பேரு எதிர்ல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு பாப்பா.

— அப்பறம்?

— அப்பறம் என்னா? ஒண்ணுமில்ல.

— கையில என்னாத்த மூடி வச்சிருக்க?

— ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல!

— கையத் தொறண்ணா.

— ...மாமா என்னை ஓரமா கூப்புட்டுக் குடுத்தாரு. "போதும், வேணாம்னு எவ்ளோ சொன்னேன், கேக்கல. தமாஷுக்குக்கூட இத நான் எடுத்திருக்கக் கூடாதுடா. பொண்ணுக்குத் தெரியாம மாப்ள வெரல்ல போட்டு வுட்டுடு"ன்னாரு. உள்பக்கம் இனியான்னு எழுதியிருக்குது.

— காலையில நான் போட்ட மோதிரம்.

— மனசுல வச்சிக்காத பாப்பா. வெளையாட்டுதானே? காசா, பணமா? ஜெயிச்சா பரிசு ஒரு குக்கரு. அதுவும் நாம வாங்கி வச்சது.

— அதாண்ணா. காசு இல்ல, பணம் இல்ல, வெறும் பீங்கானு. அதுக்கே கழட்டி வச்சுட்டாரு.

— நீ ஏன் அழாம ஒக்காந்திருக்க? வேற நாளா இருந்தா இந்நேரம் வூட்டையே ரெண்டாக்கியிருப்பியே?

— பத்து நாளா அழுதுட்டேண்ணா. எனக்கு அவரப் புடிச்சிருந்துது. நல்லாவே புடிச்சிருந்துது. எழுந்து வந்துடணும், எப்பிடியாச்சும் எழுந்து வந்துடணும்னு கொளஞ்சியப்பர் கோயில்ல மனு எழுதிப் பிராது கட்டாத கொறையா வேண்டிக்கிட்டுத்தான் இந்த ரூம்ல ஒக்காந்திருந்தேன்.

— அப்பன்னா... உனக்கு முன்னாடியே...

— அந்தப் பொண்ணு போன்ல என்னா சொன்னான்னு நீயும் கேக்கல, அப்பாவும் கேக்கல. "சீட்டக் கண்டா அவரு கட்டுன பொண்டாட்டியையும் வச்சுடுவாரு"ன்னா. நீங்க நம்ப மாட்டீங்க, எனக்கும் நம்ப மனசு வரல, அதனாலதாண்ணா காசினோ வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். பார்த்தாச்சு, இப்ப எடுக்கச் சொல்லு டேபிளை. பந்தியப் போடு, வந்தவங்க பசியோட இருக்காங்க.