நட்சத்திரம் போட்ட விறகு

அலைக்கும் அசையாமல், அதட்டலுக்கும் அசையாமல், ஹெஸ்ட்ராய் தீவின் அவையை அரைப்பார்வையாலேயே அடக்கி ஆளும் தலைவர் ஹால்டிஸ் அவர்களே! வலை இழுத்து வயதேறியும் வளையாத முதுகோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கை கம்பளி பின்னிக்கொண்டிருந்தாலும் காதை இங்கே வைத்திருக்கும் தாய்மார்களே! இந்தக் கூட்டம் எதற்கென்று இன்னும் புரியாத இளைஞர்களே! உங்கள் கால்நடை மருத்துவர் ஆஸ்லாவின் வணக்கம்.

நான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போடுகிறவள். மேடைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் ஏறியிருக்கிறேன். ஏன்? நடுக்கோடைத் தீ மூட்டிக் கொண்டாடினோமே, அதற்கு இரண்டு நாள் கழித்துக் கண்ட காட்சி இன்றுவரை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

காலையில் தொலைபேசி அலறியது. பேசியது நம் யோருன். "ஆஸ்லாவ், ஓடி வா! ஆடுங்கல்லாம் சுருண்டு சுருண்டு விழுது. என்ன கருமம்னே தெரியல!" ஓடினேன். கடலோரம் தீ எரிந்த இடத்தைச் சுற்றி ஆடுகள் கிடந்தன. சில இன்னும் கால்களை உதைத்துக்கொண்டிருந்தன. ஒன்றின் வாயைத் திறந்தேன். ஐயோ! நாக்கு முழுக்கச் சாம்பல்! நக்கியிருக்கின்றன, ஐயா! உப்புக்கரிக்கும் சாம்பலை ஆசை ஆசையாய் நக்கியிருக்கின்றன!

எந்தச் சாம்பல்? நாம் மூட்டிய தீயின் சாம்பல். எந்த விறகு? பழைய படகுத்துறையின் பலகை. கூலி வாங்காமல் ஊர் கூடி வேலை செய்யும் நம் டுக்னாட்டுக்கு உலகத்தில் ஈடு உண்டா? ஒரே பகலில் துறையைப் பிரித்தோம். ஒரே பகலில் அடுக்கினோம். அடுத்த கரைக்கு ஏற்றி அனுப்பப் படகு வேண்டுமே, எரித்துவிடலாமே என்று ஒரே மனதாய் முடிவும் எடுத்தோம். நன்மைக்கு மட்டுமா ஒற்றுமை? நாசத்துக்கும் நாம் ஒற்றுமைதான்!

அந்தப் பலகை பச்சையாய் இருந்ததே, யாருக்கும் உறுத்தவில்லையா என்று ஆடுகள் விழுந்த அன்றைக்கே கேட்டேன். அதோ சிரிக்கிறாரே ஔடுன், அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள். "பச்சைன்னா இயற்கைன்னுதானே அர்த்தம்? டிவியில தினமும் அதத்தானே சொல்றாங்க!"

சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது இலையின் பச்சை அல்ல, ஔடுன். அது மருந்தேற்றிய மரம். அழுகாமல் இருக்கச் செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் ஏற்றிய மரம். ஆர்செனிக் என்றால் என்ன? எலிக்கு வைப்பார்களே பாஷாணம், அதேதான்!

நம் கண்டத்துச் சட்டம் ஒவ்வொரு கழிவுக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. மரத்துக்கு இரண்டு எண். வெறும் மரத்துக்கு ஓர் எண், நஞ்சு ஏறிய மரத்துக்கு வேறோர் எண், அதன் ஓரத்தில் ஒரு நட்சத்திரம். சின்னஞ்சிறு நட்சத்திரம்! ஆனால் அது வந்து உட்கார்ந்த நொடியிலிருந்து அந்தப் பலகையை வீட்டில் எரிக்கக் கூடாது, வெளியில் எரிக்கக் கூடாது, மற்றதோடு சேர்க்கவும் கூடாது. என்ன அங்கே முணுமுணுப்பு? உரக்கத்தான் சொல்லுங்களேன்.

"நல்ல விறகும் பாதி கலந்துதானே போட்டோம்?"

கலந்தால் நஞ்சு நல்லதாகிவிடுமா, அல்லது நல்லது நஞ்சாகிவிடுமா? பாலில் ஒரு துளி விஷம் விழுந்தால் பால் பெரும்பான்மை என்று குடிப்பீர்களா? நஞ்சைக் கலந்து நீர்த்துப்போகச் செய்வதையே சட்டம் தடுத்திருக்கிறது, தெரியுமா? தீ எல்லாவற்றையும் தூய்மையாக்கும் என்று எவர் சொன்னார்? மரம் எரியும், ஆணி கருகும், பாஷாணம் அப்படியே நிற்கும்! கொஞ்சம் புகையோடு போகும், மிச்சம் சாம்பலில் திரளும். அதனால்தான் இதை எரிப்பதற்கென்றே, புகையைக் கழுவி வடிகட்டும் உலைகள் இருக்கின்றன. அந்தச் சாம்பலையும் கசியாதபடி கட்டிப்போட்டுத் தனிக்குழியில் அடைத்துக் காவல் காக்கிறார்கள். நாம் என்ன செய்தோம்? மூட்டையில் அள்ளி, தோட்டத்துக்கு நல்ல உரம் என்று வீடு வீடாய்க் கொடுத்தோம்! எதையும் வீணாக்காத ஊராம்!

யோருன் பெற்ற பிள்ளைபோல் வளர்த்த ஆடுகள் போயின. அடுத்து யார்?

அள்ளிக் கொடுத்த மூட்டைகளில் மற்றவையெல்லாம் திரும்பி வந்துவிட்டன. வாய்விட்டுச் சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் என் நன்றி. ஒன்று மட்டும் வரவில்லை. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இந்த மண்டபச் சுவரோரம் ஔடுன் வைத்த மூட்டை அது. விடிந்தபோது காணோம். யார் எடுத்தது? இதைக் கேட்கத்தான் இந்த மேடை, இந்தக் கூட்டம், இந்தத் தொண்டைக் கிழிப்பு எல்லாம்! எடுத்தவரை ஏசமாட்டோம். தண்டம் இல்லை, கட்டணமும் இல்லை. வீட்டார் கொண்டுவந்து கொடுக்கும் நஞ்சை வாங்கிக்கொள்வது ஊராட்சியின் கடமை. வெட்கமா பெரிது? உயிரா பெரிது? சொல்லுங்கள், வெட்கமா, உயிரா?

யாரது, சமையலறைக் கதவில்? பொர்கில்டா? வா, முன்னால் வா. அவளுக்கு வழி விடுங்கள்.

"ஆஸ்லாவ்... அந்த மூட்டைய நான்தான் எடுத்தேன். மறுநாளே பேர்கன் பட்டணத்துல மக பிரசவத்துக்குப் போயிட்டேன், ரெண்டு மாசம் கழிச்சு நேத்துத்தான் வந்தேன். ஆடு செத்த கதையே இப்பத்தான் காதுல விழுது."

பரவாயில்லை. சாம்பலை எதற்குப் போட்டாய்?

"உருளைக்கிழங்குக்கு."

எங்கே இருக்கிறது அந்தக் கிழங்கு?

"உள்ள... வெந்துக்கிட்டு இருக்கு. கூட்டம் முடிஞ்சதும் உங்க எல்லாருக்கும் மீனோட வைக்கத்தான். தோலோட."

உட்காருங்கள்! எல்லோரும் உட்காருங்கள்! ஔடுன், ஓடிப்போய் அடுப்பை அணையுங்கள். கிழங்கு வெந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள், அதையும் மூடி எடுத்துவையுங்கள், இனி அதற்கும் நட்சத்திரம்தான்! பொர்கில்ட், என்னைப் பார். நீ சாப்பிட்டாயா?

"வெந்துடுச்சான்னு ஒண்ணு கடிச்சுப் பார்த்தேன்."

பயப்படாதே. ஒரு கிழங்கில் உயிர் போகாது. இருந்தாலும் மருத்துவப் படகுக்குச் சொல்கிறோம், யோருன் உன்னோடு வருவாள். ஆமாம், யோருனே எழுந்து வந்து உன் கையைப் பிடித்திருக்கிறாள், பார்!

அவையோரே, இன்னும் கால்மணி நேரம் இவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால், இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொரு குழந்தையின் தட்டிலும் அந்தக் கிழங்கு இருந்திருக்கும். எண்ணிப் பாருங்கள்! சட்டம் போட்ட நட்சத்திரத்தை நாம் பார்க்கவில்லை. நம்மைக் காத்தது இவளுடைய வாய்ச்சொல். கைதட்டுவதானால் எனக்கு வேண்டாம், இவளுக்குத் தட்டுங்கள்.

பசியோடு பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி. இன்றிரவு வெறும் ரொட்டிதான். வணக்கம்.